பக்கம் 143-இல் கண்ட சொத்து விவரம்

திருப்பாதிரிப்புலியூரில் பத்திரப்பதிவு அலுவலகத்துக்கு எதிர்வரிசையில் மூன்றாவது கடை என்னுடையது. கலைமணி டி.டி.பி. அண்ட் ஜெராக்ஸ். கலைமணி நான்தான். கடை வாசலில் ஒரு மேசையும் ஒரு பெஞ்சும் போட்டு உட்கார்ந்திருப்பவர் பத்திர எழுத்தர் தைரியராஜ். அவர் அந்த இடத்தில் முப்பத்தொரு வருடமாக இருக்கிறார், நான் பதினாலு வருடமாக இருக்கிறேன். அதனால் அவர் என் கடை வாசலில் உட்கார்ந்திருக்கிறாரா, நான் அவர் முதுகுக்குப் பின்னால் கடை போட்டிருக்கிறேனா என்பது இன்னும் முடிவாகவில்லை.

தைரியராஜ் அண்ணனைப் பற்றி யாரைக் கேட்டாலும் இரண்டு விஷயம் சொல்வார்கள். முதலாவது, அவர் எழுதிய பத்திரத்தில் இதுவரை பிழை வந்ததில்லை. இதை அவரே எல்லோரிடமும் சொல்லி வைத்திருக்கிறார். எரிச்சல் என்னவென்றால் அது உண்மை. இரண்டாவது, நான்கு எல்லை சொல்லாமல் அவரால் எந்த இடத்தையும் குறிப்பிட முடியாது. ஒரு சொத்தின் நான்கு பக்கமும் என்னென்ன இருக்கிறது என்று எழுதுவதைப் பத்திரத் தொழிலில் செக்குபந்தி என்போம். அவருக்கு அது தொழில் இல்லை, சுபாவம். ஒருநாள் என் மூக்குக்கண்ணாடியைக் காணாமல் தேடிக்கொண்டிருந்தேன். திரும்பிக்கூடப் பார்க்காமல், "பிரின்டருக்கு மேற்க, டீ கிளாசுக்குத் தெக்க பாரும்மா" என்றார். அங்கேதான் இருந்தது. எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை.

யாராவது பிச்சாவரம் போய்ப் படகில் சுற்றிவிட்டு வந்தேன் என்று பேச்செடுத்தால் போதும். "அந்தாண்ட கிள்ளைக்குக் கெழக்க, எங்க அண்ணன் வீட்டுக்கு வடக்கால நமக்குப் பன்னெண்டு சென்ட் இருக்குது" என்பார். பதினாலு வருடத்தில் இதை நான் நூறு தடவை கேட்டிருப்பேன். சரி, ஒருநாள் அந்த அண்ணனைப் பார்த்துவிடலாம் என்று நானும் விட்டுவிட்டேன்.

இப்படிப்பட்ட மனிதர் நாவல் எழுதியதற்குக் காரணம் ஒரு பீரங்கி. மூன்று வருடத்துக்கு முன்னால், தான செட்டில்மென்ட் எழுத வந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், காத்திருந்த நேரத்தில் பழங்கதை பேசினார். ஆயிரத்து அறுநூற்றுத் தொண்ணூறில் வெள்ளைக்காரன் தேவனாம்பட்டினத்துக் கோட்டையை வாங்கியபோது, கோட்டையிலிருந்து பீரங்கியைச் சுட்டு, குண்டு விழுந்த தூரம் வரை தன் நிலம் என்று எடுத்துக்கொண்டானாம். குண்டு கிராமங்கள் என்ற பேரே அப்படி வந்ததாம். அண்ணன் தினமும் குண்டு சாலை வழியாகத்தான் வருகிறார். இந்தக் கதை அதுவரை அவருக்குத் தெரியாது.

"அப்ப செக்குபந்தி?" என்று கேட்டார்.

"குண்டு விழுந்த எடம் வரைக்கும்தான் சார்."

"கெழக்க என்ன, மேற்க என்னன்னு எழுதல?"

"எழுதல."

"எழுதாமலே கையெழுத்துப் போட்டுட்டானுங்களா?"

அன்று அவர் மத்தியானம் சாப்பிடவில்லை. அப்படி ஒரு பத்திரத்தை உலகத்தில் எவனும் எழுதியிருக்க மாட்டான், ஒழுங்கான பத்திரம் ஒன்று இருந்திருக்கும், அதை யாரோ ஒளித்துவிட்டார்கள் என்று மறுநாள் முடிவுக்கு வந்தார். யார் ஒளித்தார்கள், எங்கே ஒளித்தார்கள் என்று யோசிக்க ஆரம்பித்ததில் வந்ததுதான் 'கிணற்றடிச் செப்பேடு' என்ற மர்ம நாவல். தினமும் ஒன்றரை மணிக்குச் சாப்பிட்டுவிட்டு அவர் சொல்லச் சொல்ல நான் தட்டுவேன். இரண்டு வருடம் எனக்கு மத்தியானத் தூக்கம் போனது.

கதை இதுதான். கோட்டையின் உண்மையான நான்கு எல்லைகள் ஒரு செப்பேட்டில் இருக்கின்றன. அது வெளியே வந்தால் கடலூரில் பாதிப் பேருடைய பட்டா செல்லாது. அதனால் ஒன்பது பேர் கொண்ட ஒரு ரகசியக் கூட்டம் முந்நூறு வருடமாக அதைச் சிதம்பரத்தில் ஒரு வீட்டுக் கிணற்றடியில் புதைத்துக் காவல் காக்கிறது. அதைக் கண்டுபிடிக்கும் கதாநாயகன் ஒரு பத்திர எழுத்தர். அவர் வாழ்க்கையில் பிழையே செய்ததில்லை.

நடை எப்படி இருந்தது என்று கேட்காதீர்கள். வில்லன் வரும்போதெல்லாம் தகப்பனார் பெயர், வயது, கதவு எண்ணோடு வந்தான். காதல் காட்சியில், "மேற்படி கதாநாயகி யாருடைய வற்புறுத்தலும் தூண்டுதலும் இன்றி, பூரண சம்மதத்துடன் மேற்படியாரின் கையைப் பிடித்தாள்" என்று சொன்னார். சிரிப்பை அடக்கிக்கொண்டு தட்டினேன். அவர் முகத்தில் சிரிப்பே இல்லை.

தப்பு நடந்தது நூற்று நாற்பத்து மூன்றாம் பக்கத்தில். செப்பேடு புதைத்த இடத்தைக் கதாநாயகன் கண்டுபிடிக்கிறான். "இங்க சொத்து விவரம் போடும்மா" என்றார் அண்ணன். நம்பர் யோசித்துச் சொல்லுங்கள் என்றேன். கண்டதை எழுத வராது, இப்போதைக்கு ஏதாவது ஒன்றை ஒட்டு, அப்புறம் மாற்றிக்கொள்ளலாம் என்றார். அந்த வாரம் சிதம்பரத்திலிருந்து சுல்தானா அக்கா வந்து, தன் வீட்டை மகள் ஃபஹீமா பேருக்கு எழுதிவைக்கக் குறிப்புக் கொடுத்திருந்தார். கம்ப்யூட்டரில் மேலாக இருந்தது அந்த ஃபைல்தான். சர்வே நம்பர், கதவு எண், நான்கு எல்லை, 'கிணறு உள்பட' எல்லாவற்றையும் எடுத்து ஒட்டினேன்.

அப்புறம் மாற்றவே இல்லை. புரூஃப் பார்க்கும்போது அண்ணன் அந்தப் பக்கத்தை மூன்று முறை பார்த்தார். சர்வே நம்பர் சரி, எல்லை சரி, அளவு சரி, தாய்ப் பத்திரத்தோடு ஒத்துப்போகிறது. பிழை எதுவும் இல்லாததால் அச்சுக்கு அனுப்பிவிட்டார். நானும் பார்த்தேன், எனக்கும் சரியாகத்தான் பட்டது. ஊரில் வேறு எந்தத் தொழில் செய்கிறவர்களும் இந்தத் தப்பைச் செய்திருக்க மாட்டார்கள்.

முந்நூறு பிரதி போட்டோம். நாற்பது விற்றது. மிச்சத்தைப் பத்திரம் எழுத வந்தவர்களுக்கெல்லாம் ஒவ்வொன்றாகக் கொடுத்தார். அப்படி ஒன்று காட்டுமன்னார்கோயில் ரைஸ்மில் சூப்பர்வைசர் இளவரசு கைக்குப் போனது. அவர் மறைக்கப்பட்ட வரலாறு என்று ஒரு வாட்ஸ்ஆப் குழு நடத்துகிறார், நானூறு பேர் இருக்கிறார்கள். மிகவும் மரியாதையான ஆள். அவர் செய்தது ஒன்றுதான். பக்கம் 143-இல் இருந்த சர்வே நம்பரை அரசாங்க இணையதளத்தில் போட்டுப் பார்த்தார். பட்டா வந்தது. அப்துல் வதூது என்று சுல்தானா அக்காவின் மறைந்த கணவர் பேரும் வந்தது.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு ஆறு பேர் டேப்பும் கடப்பாரையுமாகச் சுல்தானா அக்கா வீட்டுக்குப் போனார்கள். அக்கா அவர்களைப் பாதாளச் சாக்கடைக்காரர்கள் என்று நினைத்தார். எத்தனை வருடமாக மனு கொடுக்கிறோம், இப்போதாவது வந்தார்களே என்று சந்தோஷப்பட்டு, கொல்லைக் கதவைத் திறந்துவிட்டு டீயும் போட்டுக் கொடுத்தார். டீயைக் குடித்துவிட்டு அவர்கள் கிணற்றடியில் ஐந்தடி ஆழம் தோண்டினார்கள். ஒன்றும் கிடைக்கவில்லை. ஒன்றும் இல்லாததைப் பார்த்ததும், யாரோ முன்னாலேயே எடுத்து வேறு பக்கம் மாற்றிவிட்டார்கள் என்று அடுத்த வாரம் இருபது பேர் வந்தார்கள். இந்தத் தடவை அக்கா டீ போடவில்லை. அவர்கள் கொல்லைச் சந்து வழியாக வந்து சமையல்கட்டுச் சுவரோரம் தோண்டினார்கள். சுவரில் மேலிருந்து கீழ்வரை விரிசல் விட்டது.

வந்தவர்கள் கையிலிருந்த நாவலில் அண்ணன் பேரைப் பார்த்துவிட்டு, சுல்தானா அக்கா பஸ் பிடித்து நேராக எங்களிடம் வந்தார். அண்ணன் எழுந்து நின்றார். வாடிக்கையாளருக்கு அவர் எழுந்து நின்றதை அன்றுதான் பார்த்தேன்.

"தம்பி, உங்கள நான் ஒண்ணும் சொல்லல. புகார் கொடுத்தாச்சு. போலீசு வந்தா போறாங்க, போலீசு போனா வராங்க. மழைக்குள்ள பள்ளத்த மூடி செவுத்தப் பாக்கலன்னா சமையக்கட்டு விழுந்துடும்னு கொத்தனாரு சொல்றாரு. மூடினா மறுநாளு தோண்டிடுறாங்க."

"ஃபஹீமா என்ன சொல்லுதுக்கா?" என்று நான் கேட்டேன்.

"வீட்டப் பூட்டிட்டு எங்கிட்ட வந்துடும்மாங்கறா. அவ அத்தா மவுத்தாயி ஆறு வருஷம் ஆவுது. அந்தச் செவுத்த அவுங்களே நின்னு கட்டுனாங்க. பூட்டிட்டுப் போனா நான் திரும்ப வரமாட்டேன் கலை. எனக்குத் தெரியும்."

அவர் அழவில்லை. நான்தான் அவர் முகத்தைப் பார்க்காமல் பேப்பரை அடுக்கிக்கொண்டிருந்தேன். ஒட்டியவள் நான்தானே.

அண்ணன் இளவரசுவை வரச்சொன்னார். அவர் வந்து பெஞ்சின் ஓரத்தில் பவ்வியமாக உட்கார்ந்தார்.

"தம்பி, அது முழுக்கக் கதை. செப்பேடும் கெடையாது, ஒண்ணும் கெடையாது."

"கதைன்னா எதுக்கு சார் கரெக்டா சர்வே நம்பர் போட்டீங்க?"

"எனக்குப் பொய்யா ஒரு நம்பர் எழுத வராதுப்பா."

"அதத்தான் சார் நாங்களும் சொல்றோம்."

அண்ணன் விடவில்லை. இருபது ரூபாய் முத்திரைத்தாளில், 'இதில் கண்ட நாவல் முழுவதும் கற்பனையே என்றும், இதை யாருடைய வற்புறுத்தலும் இன்றி எழுதிக்கொடுக்கிறேன் என்றும்' உறுதிமொழி எழுதி, நோட்டரியிடம் முத்திரை வாங்கி அனுப்பினார். வற்புறுத்தல் இல்லை என்று ஒருவர் தானாக முன்வந்து எழுதுகிறார் என்றால் எவ்வளவு வற்புறுத்தல் இருக்கும் என்று குழுவில் அன்றைக்கெல்லாம் பேசினார்கள். குழுவில் ஆள் எண்ணிக்கை அறுநூறைத் தாண்டியது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை சாமியானா போட்டுத் தோண்டுவதாக ஏற்பாடு. வானிலை அறிக்கையில் அதற்கடுத்த புதன்கிழமையிலிருந்து மழை.

வெள்ளிக்கிழமை மத்தியானம் அண்ணன் வெகுநேரம் பேனாவை மூடி மூடித் திறந்தார். பிறகு, "மறுத்தா நம்பமாட்டாங்கம்மா. திருத்துனா நம்புவாங்க" என்றார்.

பத்திரத்தில் பிழை வந்தால் பிழைத்திருத்தல் பத்திரம் என்று ஒன்று எழுதுவார்கள். அண்ணன் மற்றவர்கள் செய்த பிழைக்கு ஆயிரம் எழுதியிருக்கிறார். தன் பிழைக்கு எழுதியதில்லை. இப்போது நாவலுக்கு எழுதப் போகிறார். பக்கம் 143-இல் கண்ட சொத்து விவரம் தவறு, சரியான சொத்து விவரம் பின்வருமாறு என்று போட்டால், அத்தனை பேரும் சுல்தானா அக்கா வீட்டை விட்டுவிட்டு அங்கே போய்விடுவார்கள். சரியான யோசனைதான். ஆனால் எந்த இடத்தைப் போடுவது?

"ஏதாவது ஒரு நம்பர அடிச்சு வுடுங்க அண்ணே" என்றேன்.

"அந்த நம்பர்ல யாராவது குடியிருப்பாங்கம்மா."

"புறம்போக்குல போடுங்க."

"அங்கதான் ஜாஸ்தி பேரு குடியிருக்காங்க."

"அப்ப உங்க வீட்டப் போடுங்க" என்றேன் கடுப்பில். சாப்பாட்டுக் கேரியரோடு நின்றிருந்த அவர் மனைவி சவரிமேரி அக்கா, "போட்டுத்தான் பாருங்களேன்" என்றார். அந்தப் பேச்சு அதோடு நின்றது.

சவரிமேரி அக்கா கேரியரை மேசையில் வைத்தார். "கிள்ள ஃபைல எடுத்தாரட்டா?" என்று கேட்டார். அண்ணன் வேண்டாம் என்று சொல்லவில்லை. அக்கா போய் அரைமணி நேரத்தில் ஒரு மஞ்சள் பையோடு வந்தார். அதில் ஒரே ஒரு பத்திரம், ஓரமெல்லாம் மடங்கிப் பழுப்பாக இருந்தது.

அண்ணன் அதைப் பிரிக்காமலே சொல்ல ஆரம்பித்தார். எனக்கு அப்போதும் விளங்கவில்லை. "அண்ணே, உங்க அண்ணன் வீட்டாண்ட இவனுங்க போயித் தோண்டுனா அவரு சும்மா இருப்பாரா?" என்று கேட்டேன்.

"அண்ணன் இல்லம்மா. சுனாமில போயிட்டாரு. வீடும் போச்சு, எடமும் போச்சு" என்றார். வில்லங்கச் சான்றிதழ் படிக்கிற மாதிரி ஒரே சீராகச் சொன்னார்.

நான் கீபோர்டிலிருந்து கையை எடுத்துவிட்டேன். மிச்சத்தைச் சவரிமேரி அக்கா சொன்னார். "கிறிஸ்மசுக்கு எங்க வீட்டுக்குத்தான் வந்திருந்தாரு. இவரு இன்னும் ரெண்டு நாளு இருங்கன்னாரு. வலைய காயப்போட்டுட்டு வந்துருக்கேன்னு காலையில மொத பஸ்சுல போனாரு. ஆளு கெடைக்கவே இல்ல. இருவது வருஷமா இவரு அந்தப் பக்கம் போவல. இந்த ஃபைலயும் தொடவுடல."

பத்திரத்தைப் பிரித்து வைத்து அண்ணன் சொன்னார், நான் தட்டினேன். கடற்கரை மணலுக்கு மேற்கு, தோப்புக்குத் தெற்கு, பாதைக்குக் கிழக்கு, என் அண்ணன் ஆரோக்கியராஜ் வீட்டுக்கு வடக்கு. இதன் மத்தியில் பன்னிரண்டு சென்ட்.

"படி" என்றார். படித்தேன்.

"எடுத்துடு. இப்ப இருக்கறதுதான் எழுதணும்." பத்திரத்தை மடித்து வைத்தார். "கடலுக்கு மேற்கு. கடலுக்குத் தெற்கு. கடலுக்குக் கிழக்கு." நின்றுவிட்டார். பின்னால் ஒருவர் ஆதார் ஜெராக்ஸ் கேட்டார், இருய்யா என்றேன். "கடலுக்கு வடக்கு" என்றார் அண்ணன்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. ஆரோக்கியராஜ் என்ற பேரை ஒவ்வொரு எழுத்தாக அழித்தேன். இருபது வருடமாக அந்த மனிதர், எழுத்தில் இருக்கும்வரை இடம் இருக்கிறது என்று வைத்திருந்திருக்கிறார். நான் அதை ஒவ்வொரு தடவையும் கேட்டுச் சலித்துக்கொண்டிருக்கிறேன்.

பிழைத்திருத்தலை ஜெராக்ஸ் போட்டு இளவரசுவுக்கு அனுப்பினோம். அண்ணன் சொன்னபடியே நடந்தது. பார்த்தீர்களா, கடைசியில் உண்மையை ஒத்துக்கொண்டார் என்று குழுவே கொண்டாடியது. இணையதளத்தில் கிள்ளை நம்பரைப் போட்டுப் பார்த்தார்கள், அதுவும் பட்டா வந்தது. ஞாயிற்றுக்கிழமை சாமியானா கிள்ளைக்குப் போனது. அன்று மத்தியானமே கொத்தனார் ஆள் வைத்துச் சுல்தானா அக்கா வீட்டுப் பள்ளத்தை மூடி, சுவருக்கு முட்டுக் கொடுத்தார். புதன்கிழமை மழை பிடித்துக்கொண்டது. வியாழக்கிழமை அக்கா போன் செய்து, சமையல்கட்டு ஒழுகக்கூட இல்லை என்றார். "நான் இங்கதான் இருக்கேன்னு தம்பிக்கிட்ட சொல்லு" என்றார். சொன்னேன். தலையை ஆட்டினார்.

மழை விட்ட சனிக்கிழமை இளவரசு வந்தார். இவன் இன்னும் எதற்கு வருகிறான் என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவர் வழக்கம்போலப் பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்தார்.

"படகு எடுத்துப் போயிப் பாத்தோம் சார். நாலு பக்கமும் தண்ணி. நீங்க எழுதுனது கரெக்ட். குழுவயே கலைச்சுடலாம்னு இருக்கேன். ஆனா ஒண்ணு மட்டும் விட்டுட்டீங்க."

"என்னது?"

"தண்ணி வத்துற நேரம் தெக்கால ஒரு செவுரு தெரியுது சார். இடுப்பளவு. அத ஏன் செக்குபந்தில போடல?"

போனை நீட்டினார். கலங்கிய தண்ணீரில் ஒரு மொட்டைச் சுவர். அதில் ஒரு ஜன்னலின் கீழ்ப்பாதி. மேலே ஒரு காக்கா உட்கார்ந்திருந்தது. அண்ணன் போனை வாங்கிப் படத்தைப் பெரிதாக்கினார், இன்னும் பெரிதாக்கினார். ரொம்ப நேரம் திருப்பிக் கொடுக்கவில்லை. இளவரசுவும் கேட்கவில்லை.

திங்கட்கிழமை மேசை காலியாக இருந்தது. முகூர்த்த நாள், பத்திரம் எழுத வந்தவர்கள் என்னைப் பிடுங்கி எடுத்தார்கள். அண்ணனும் சவரிமேரி அக்காவும் கிள்ளை பஸ் ஏறியதாகச் சொல்லி அனுப்பினேன். செவ்வாய்க்கிழமை ஒன்பதரைக்கு இரண்டு பேரும் வந்தார்கள். அவர் செருப்பில் காய்ந்த சேறு அப்படியே இருந்தது. உட்கார்ந்து, பேனாவைத் திறந்து, "எழுதும்மா" என்றார்.

"பிழைத்திருத்தலுக்குப் பிழைத்திருத்தல். அதில் கடலுக்கு வடக்கு என்று கண்டுள்ளதை, என் அண்ணன் ஆரோக்கியராஜ் வீட்டுச் சுவருக்கு வடக்கு என்று திருத்திப் படித்துக்கொள்ளவும்."

"எத்தன காப்பி அண்ணே?"

"ஒண்ணு போதும். பொஸ்தகத்துல ஒட்டறதுக்கு இல்ல. ஃபைல்ல வைக்க."

பிரின்ட் எடுத்துக் கொடுத்தேன். இரண்டு தடவை படித்தார். முப்பத்தொரு வருடத்தில் தான் செய்த பிழை அது ஒன்றுதான் என்றார். பக்கம் 143-ஐ அவர் கணக்கில் சேர்க்கவில்லை. நானும் ஞாபகப்படுத்தவில்லை. எழுதிக்கொடுப்பவர் இடத்தில் அவர் கையெழுத்துப் போட்டார், சாட்சிகள் இடத்தில் சவரிமேரி அக்காவும் நானும் போட்டோம்.